அட்டையில் 07 இருக்கட்டும், வேலைக்கு எந்த ஊர்?

மலேசிய அடையாள அட்டை எண்ணில் பிறந்த தேதியைக் காட்டும் ஆறு இலக்கத்துக்குப் பிறகு இரண்டு இலக்கம் வரும். அது நாம் பிறந்த மாநிலத்தின் எண். ஜொகூர் 01, கெடா 02, பினாங்கு 07, பேராக் 08, சிலாங்கூர் 10. வீட்டை எத்தனை தடவை மாற்றினாலும், முகவரியை எத்தனை தடவை திருத்தினாலும் அந்த எண் மாறாது. கே.எல்.லில், அதாவது கோலாலம்பூரில், நான் இருந்த ஒன்பது வருடத்தில், எங்காவது முகப்பில் அட்டையை நீட்டினால் யாராவது ஒருவர் "07, பினாங்கா?" என்று கேட்டுவிடுவார். கேட்டதும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும்.

போன மாதம் பினாங்கின் பெருநிலப் பக்கம் இருக்கும் புக்கிட் மெர்தாஜாமில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகள் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் டிப்ளோமா முடித்தவள். மூன்று இடங்களிலிருந்து வேலைக் கடிதம் வந்திருந்தது. மூன்றையும் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்தாள். ஒன்று பத்து காவானில், வீட்டிலிருந்து அரை மணி நேரத் தூரம். இன்னொன்று ஷா ஆலமில். மூன்றாவது சிங்கப்பூரில்; ஜொகூர் பாருவில் தங்கிக்கொண்டு தினமும் போய்வர வேண்டும்.

"மாமா, சம்பளத்தப் பாத்தா சிங்கப்பூர்தான். ஆனா நீங்க சொல்லுங்க."

அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு அவளிடம் பாதிதான் சொன்னேன். மீதியை யோசித்து இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இதே மூன்று கடிதம் ஈப்போவிலும் தைப்பிங்கிலும் சுங்கை பட்டாணியிலும் பல வீட்டு மேசைகளில் இருக்கிறது.

ஊரை விட்டுப் போவது நம் குடும்பங்களுக்குப் புதிது இல்லை. தாத்தா கப்பலில் வந்து பினாங்கில் இறங்கி, நிபோங் தெபால் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனார். அப்பா தோட்டத்தை விட்டு ரயில்வேயில் சேர்ந்து பட்டர்வொர்த் வந்தார். நான் 1996-இல் கே.எல். போனேன். தம்பி ஜொகூர் போனான். ஒவ்வொரு தலைமுறையும் ஒரு தடவை பெட்டி கட்டியிருக்கிறது.

கட்ட வைத்தது பெரும்பாலும் வேலைதான். 1969-இல் பினாங்குக்கு இருந்த தீர்வையற்ற துறைமுக அந்தஸ்து போனது. துறைமுகத்தை நம்பியிருந்த தீவில் வேலை இல்லாமல் இளையவர்கள் திண்டாடினார்கள். 1972-இல் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வட்டாரம் திறந்து, இன்டெல் போன்ற நிறுவனங்கள் வந்த பிறகுதான் ஊர் மூச்சு விட்டது. ஈப்போ கதை வேறு. 1985-இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தது. ஈயத்தால் வளர்ந்த ஊரிலிருந்து பிள்ளைகள் கே.எல்.லுக்குப் பஸ் ஏறினார்கள். தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, சில இடங்களில் தாமான் (வீடமைப்புப் பகுதி) வந்தது. வேலை போனதோடு லயத்து வீடும் போனது. அப்படிக் கிளம்பியவர்கள்தான் கிள்ளான், காப்பார், ரவாங், பூச்சோங் எங்கும் இன்று இருக்கிறார்கள். 2020 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் சிலாங்கூரில் ஏறக்குறைய 70 லட்சம் பேர், ஜொகூரில் 40 லட்சம், பினாங்கில் 17 லட்சம். எந்தப் பக்கம் ஆட்கள் சாய்கிறார்கள் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

படிக்கப் போய் அங்கேயே தங்கிவிடுகிறவர்கள், கல்யாணம் ஆகிப் போகிறவர்கள், ஆசிரியர் வேலைக்கு வேறு மாநிலம் கிடைத்துக் கணவன் ஓர் ஊர், மனைவி ஓர் ஊர் என்று இடமாற்றத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கிறவர்கள், இவர்களும் உண்டு. இன்னொரு காரணத்தை நாம் வெளியே சொல்வதில்லை. வீட்டில் நிம்மதி இல்லாமல் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள். அவர்களுக்குத் தூரமே மருந்து. அப்படிப்பட்டவர்களுக்கு நான் கீழே சொல்லும் கணக்கு பொருந்தாது. எது தூரமோ அங்கே போகட்டும்.

அக்கா மகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அவளுக்கு இருப்பது தேர்வு மட்டும்தான்.

வீட்டிலிருந்தே போய்வருவது

பினாங்கில் வேலை என்றால் தீவுக்குப் போக வேண்டும் என்ற காலம் மாறிவிட்டது. 2014-இல் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் இரண்டாவது பாலம் திறந்தது, 24 கிலோமீட்டர். அது பெருநிலத்தில் வந்து சேரும் இடம்தான் பத்து காவான். ஒரு காலத்தில் செம்பனையாக இருந்த இடத்தில் இன்று மைக்ரோன், லாம் ரிசர்ச், பாஷ் எல்லாம் நிற்கின்றன. இன்னொரு பக்கம் கெடா எல்லைக்குள் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா. 1996-இல் தொடங்கியது, 2024-இல் இன்ஃபினியோன் அங்கே புதிய சில்லுத் தொழிற்சாலையைத் திறந்தது. மின்னணுவியல் படித்த பிள்ளைக்கு இந்த நாட்டில் இதைவிட நல்ல வட்டாரம் கிடையாது. இதை ஊர்ப்பாசத்தில் சொல்லவில்லை. கே.எல்.லில் ஒன்பது வருடம் தொழிற்சாலையில் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

தொழிற்சாலை பஸ் தாமான் முனைக்கே வரும். காலையில் அம்மா கையால் தோசை. சம்பளத்தில் அம்மாவுக்குக் கொடுத்தது போக மீதியைச் சேர்க்கலாம். மோட்டார் சைக்கிளில் தீவுக்குப் போனாலும் 2019 முதல் இரண்டு பாலத்திலும் மோட்டாருக்கு டோல் இல்லை.

குறையும் இருக்கிறது. பினாங்கு ஒரே துறையை நம்பிய ஊர். உலகத்தில் சில்லுக்கு ஆர்டர் குறைந்தால் இங்கே எல்லாத் தொழிற்சாலையிலும் ஒரே மாதத்தில் ஓவர்டைம் நின்றுவிடும். 2001-இலும் 2008-09-இலும் அதைப் பார்த்தோம். பக்கத்துத் தொழிற்சாலைக்கு மாறலாம் என்றால் அங்கேயும் ஆள் குறைப்புதான் நடந்துகொண்டிருக்கும். அப்புறம், சட்டம், ஊடகம், வங்கித் தலைமையகம், விளம்பரம் என்று படித்தவர்களுக்கு இங்கே வாய்ப்பு மெலிவு. அவர்களை இங்கேயே இரு என்று பிடித்து வைப்பது தவறு.

வீடு வாங்கும் வயதில் இன்னொரு கேள்வி வரும். தீவில் தரை வீடு சாதாரணச் சம்பளத்துக்கு எட்டாத விலைக்குப் போய்விட்டது. அதனால் தீவிலிருந்து பெருநிலத்துக்கு, பெருநிலத்திலிருந்து சுங்கை பட்டாணி, கூலிம் என்று குடும்பங்கள் வடக்கும் கிழக்குமாக நகர்கின்றன. மாநிலம் மாறுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல் மாறுகிறார்கள். அதில் ஒரு சின்ன விஷயம் குடும்பத்தைப் படுத்திவிடும். கெடாவில் வார விடுமுறை வெள்ளி, சனி. பினாங்கில் சனி, ஞாயிறு. என் கூட வேலை செய்யும் ஒருவர் சுங்கை பட்டாணியில் வீடு வாங்கினார். பிள்ளைகளுக்கு அங்கே தமிழ்ப்பள்ளி. வெள்ளிக்கிழமை பிள்ளைகள் வீட்டில், அவர் வேலையில். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில், பிள்ளைகள் பள்ளியில். வாரத்தில் முழுக் குடும்பமும் ஒன்றாக இருப்பது சனிக்கிழமை ஒன்றுதான். அதிலும் ஓவர்டைம் வந்தால் அவ்வளவுதான். வீட்டு விலையைப் பார்க்கிறவர்கள் நாள்காட்டியையும் சேர்த்துப் பாருங்கள். (ஜொகூரிலும் வெள்ளி, சனி விடுமுறை பதினோரு வருடம் இருந்தது. 2025 ஜனவரியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டார்கள்.)

கே.எல். பக்கம்

கே.எல். என்று நாம் சொன்னாலும் நம் பிள்ளைகள் போய்ச் சேர்வது பெரும்பாலும் சிலாங்கூரில்தான். ஷா ஆலம், கிள்ளான், சுபாங், பூச்சோங், ரவாங், காஜாங். அங்கே போகிற பிள்ளை முதலில் முட்டிக்கொள்வது வீட்டு வாடகையில்.

பணத்தை முதலில் சொல்கிறேன். தனி வீடு எடுத்தால் வழக்கமாக இரண்டு மாத முன்பணம், ஒரு மாத வாடகை, மின்சாரம் தண்ணீருக்கு அரை மாதம். ஆக மூன்றரை மாத வாடகையைக் கையில் வைத்துக்கொண்டுதான் சாவியை வாங்க முடியும். முதல் சம்பளம் வருமுன்பே இது தேவை. அதனால்தான் எல்லோரும் அறை எடுக்கிறார்கள்.

பணத்தைவிடக் கசப்பான விஷயம் ஒன்று உண்டு. 1996-இல் நான் கே.எல். போனபோது செந்தூலில் அப்பாவின் ரயில்வே நண்பர் ஒருவர் வீட்டில் இடம் கொடுத்தார், தப்பித்தேன். பிறகு தனியாக வீடு தேடியபோது போனில் எல்லாம் சரியாகப் பேசி, நேரம் குறித்து, கடைசியில் "யூ இண்டியனா?" என்று கேட்டு வைத்துவிட்டார்கள். ஒரு தடவை இல்லை, அந்த மாதத்தில் நான்கு தடவை. நான்காவது தடவை பொதுத் தொலைபேசியில் இன்னும் காசு மீதி இருந்தது. எனக்கு அடுத்த எண்ணைச் சுழற்ற மனம் வரவில்லை. இன்றைக்கும் வாடகை விளம்பரங்களில் எந்த இனத்தவர் வேண்டும், யார் வேண்டாம் என்று வெளிப்படையாகப் போடுகிறார்கள். வாடகைக் குடியிருப்புக்கு ஒரு சட்டம் வேண்டும் என்ற பேச்சு பல வருடமாக நடக்கிறது. 21 வயதுப் பிள்ளையை இதற்கு மனத்தளவில் தயார் செய்யாமல் அனுப்பக் கூடாது. நம்மவர் வீட்டில் அறை கிடைக்குமா என்று முதலில் சொந்தத்தில் கேளுங்கள். கோயிலில் கேளுங்கள், பழைய பள்ளித் தோழர்களிடம் கேளுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

இந்த இரண்டையும் தாண்டிவிட்டால் கே.எல். நிறையக் கொடுக்கும். இரண்டு வருட அனுபவத்தோடு வேலை மாறலாம், வீடு மாற வேண்டியதில்லை. ஒரு துறை படுத்தால் இன்னொரு துறை இருக்கிறது. மாலையில் படிக்கலாம். எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி. நகர ரயில் தடத்தில் அறை கிடைத்தால் 50 ரிங்கிட் மாதப் பயண அட்டையில் ரயிலும் ரேப்பிட் கே.எல். பஸ்ஸும் ஏறி இறங்கலாம். கார் கடன் இல்லாமல் சில வருடம் ஓட்டலாம். நமக்கு அந்த வசதி வர நாளாகும். பினாங்கு எல்.ஆர்.டி.க்கு 2025 ஜனவரியில்தான் அடிக்கல் நாட்டினார்கள். ஆனால் ஷா ஆலம் தொழிற்சாலைப் பகுதியில் வேலை என்றால் ரயில் மட்டும் போதாது, மோட்டாரோ காரோ வேண்டும். விளம்பரத்தில் 'ரயில் நிலையம் அருகில்' என்று போட்டிருந்தால் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு நீங்களே நடந்து பாருங்கள்.

தமிழில் வேலை செய்ய ஆசைப்படுகிற பிள்ளைக்கு கே.எல்.லைத் தவிர வேறு ஊர் இல்லை. தமிழ் வானொலி, தொலைக்காட்சி, நாளிதழ்கள் எல்லாம் அங்கேதான். 1956-இல் தொடங்கிய மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையும் இன்று அங்கேதான். எங்கள் தாமானிலிருந்து போன ஒரு பெண் இன்று செய்தி வாசிக்கிறாள். அவள் இங்கே இருந்திருந்தால் தொழிற்சாலையில் லைன் லீடராக இருந்திருப்பாள். அதுவும் நல்ல வேலைதான், ஆனால் அவள் விரும்பிய வேலை இல்லை.

ஜொகூர் பாரு, அப்புறம் பாலத்துக்கு அந்தப் பக்கம்

1973 வரை மலேசிய வெள்ளியும் (டாலரும்) சிங்கப்பூர் வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று மாறின. இன்றைக்கு ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்க வேண்டும். தம்பியை அங்கே இழுத்தது அந்தக் கணக்குதான், வேறு ஒன்றும் இல்லை.

அவன் வீடு மாசாயில். போன வருடம் ஒரு வாரம் அவனோடு தங்கினேன். விடியற்காலை 3:45-க்கு அலாரம் அடிக்கும். விளக்கைப் போடமாட்டான், மகள் எழுந்துவிடுவாள் என்று. இருட்டிலேயே மழைச் சட்டையை மாட்டுவான். மழை இல்லாத நாளிலும் மாட்டுவான், காற்று குளிரும் என்பதற்காக. கடப்பிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு முன்பக்கப் பையில் வைத்து ஜிப்பை இழுத்து இரண்டு தடவை தட்டிப் பார்ப்பான். நாலே காலுக்கெல்லாம் வண்டி கிளம்பிவிடும். ஒரு நாள் நானும் அவன் பின்னால் உட்கார்ந்து பாலத்து முகப்பு வரை போய்த் திரும்பினேன். கண்ணுக்கு எட்டும் வரை மோட்டாரின் சிவப்பு விளக்குகள். புகையில் கண் எரிந்தது. நின்ற வண்டி மேல் தலை சாய்த்து இரண்டு நிமிடம் தூங்கி எழுகிற ஆட்களைப் பார்த்தேன். ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும், 1924-இல் திறந்த, ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் பாலம் அது. அதைக் கடக்க அவனுக்குச் சில நாள் அரை மணி, சில நாள் இரண்டு மணி. எட்டு மணி வேலை, ஓவர்டைம், அப்புறம் அதே வரிசை. இரவு எட்டரைக்கு வீடு. மகள் வரைந்த படத்தைக் காலையில் கையில் கொடுக்க முடியாது என்பதால் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைக்கிறாள். அவன் வந்து பார்த்துவிட்டு அதன் கீழே பேனாவால் ஒரு நட்சத்திரம் போடுகிறான்.

புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த்துக்கு நான்கு கிலோமீட்டர் ரயில் இணைப்பு 2026 இறுதிவாக்கில் ஓடத் தொடங்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். ஒரு திசையில் மணிக்கு 10,000 பேரை ஏற்றிச் செல்லும் திட்டம் அது. வந்தால் தம்பி போன்றவர்களின் வாழ்க்கையில் ஒரு நாளைக்கு இரண்டு மணியாவது திரும்பக் கிடைக்கும். ஆனால் இன்று கையெழுத்துப் போடுகிற பிள்ளை, இன்றைய வரிசையைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

பலருக்குத் தெரியாமல் போகிற விஷயம் சேமநிதி. சிங்கப்பூரின் சி.பி.எஃப். அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். வேலை அனுமதியில் இருக்கும் மலேசியருக்கு அங்கே கிடையாது. நம் நாட்டுச் சேமநிதியான இ.பி.எஃப்.பில் பணம் போட அங்குள்ள முதலாளிக்குக் கட்டாயமும் இல்லை. தம்பி 14 வருடம் அங்கே வேலை செய்திருக்கிறான். அவன் இ.பி.எஃப். அறிக்கையை எடுத்துப் பார்த்தோம். போவதற்கு முன் இருந்த தொகையும் அதன் மேல் வந்த லாப ஈவும் மட்டும்தான் இருந்தது. இங்கே வேலை செய்திருந்தால் அவன் சம்பளத்தில் 11 விழுக்காடும், முதலாளி பங்கு 12 அல்லது 13 விழுக்காடும் மாதாமாதம் ஏறியிருக்கும். அவன் கையில் வந்த பணம் வீடாகவும் காராகவும் மாறியது, சரி. 55 வயதில் எடுக்க வேண்டிய பணம்தான் இல்லை. சுயமாக இ.பி.எஃப்.பில் கட்டலாம், ஆண்டுக்கு 100,000 ரிங்கிட் வரை ஏற்றுக்கொள்கிறார்கள். கட்டுகிற ஒழுக்கம் இருந்தால் கட்டலாம்.

ஏஜெண்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தம்பி முதல் தடவை போனபோது ஓர் ஏஜெண்டுக்கு இரண்டு மாதச் சம்பளத்துக்குச் சமமான பணம் கட்டினான். சொன்ன வேலை இல்லை, வேறு வேலை. பணம் திரும்பவில்லை. வேலை அனுமதிக்கான ஒப்புதல் கடிதத்தில் எந்த நிறுவனம், என்ன வேலை, என்ன சம்பளம் என்று பார்க்காமல் யாருக்கும் ஒரு காசு கொடுக்காதீர்கள்.

மேசையில் போட்ட கணக்கு

அக்கா மகளின் மூன்று கடிதத்தையும் வைத்து நாங்கள் போட்ட கணக்கு இது. அவளுடைய கணக்கு, உங்கள் பிள்ளைக்கு எண்கள் மாறும், முறை மாறாது.

பத்து காவானில் 2,600 ரிங்கிட். இ.பி.எஃப்.புக்கு 286 போனால் ஏறக்குறைய 2,300 கைக்கு வரும். வாடகை இல்லை, பஸ் இலவசம். அம்மாவுக்கு 500, சாப்பாடு, போன், கைச்செலவு என்று 600. மாதம் 1,200 மிஞ்சும். முதலாளி பங்கோடு சேர்த்து இ.பி.எஃப்.பில் 624 ஏறும்.

ஷா ஆலமில் 3,100. பிடித்தம் போக 2,740. அறைக்கு 650, சாப்பாட்டுக்கு 750, போக்குவரத்துக்கு 300, மாதம் ஒரு தடவை ஊருக்கு வந்துபோக 180, மற்றவைக்கு 250. மிஞ்சுவது 610. அம்மாவுக்கு 300 கொடுத்தால் பாதி. சம்பளம் 500 கூட, மிச்சம் கால்வாசி. அவள் முகம் வாடியதை அங்கேதான் பார்த்தேன், ஏனென்றால் அவள் மனம் உள்ளூர கே.எல்.லில்தான் இருந்தது.

சிங்கப்பூரில் 2,200 வெள்ளி, நம் பணத்தில் 7,000-ஐத் தொடும். ஜொகூர் பாருவில் அறை, இரண்டு ஊரிலும் சாப்பாடு, வண்டி, ஊருக்கு வருகிற செலவு எல்லாம் 2,650. மிஞ்சுவது 4,350. இதே சம்பளம் இங்கே என்றால் இ.பி.எஃப்.பில் ஏறியிருக்கும் 23 விழுக்காட்டைத் தானே எடுத்து வைத்தால் 1,610 போகும். அப்போதும் 2,700 கையில். அதிலிருந்து அம்மாவுக்கு 500 கொடுத்தாலும் பத்து காவானைப் போல் இரண்டு மடங்கை நெருங்கும். பணம் மட்டும் என்றால் ஜொகூர்தான், இதில் மறைக்க ஒன்றும் இல்லை. தம்பியும் முட்டாள் இல்லை.

ஆனால் நான் இன்னொரு வரியையும் அந்தத் தாளில் எழுதச் சொன்னேன். நள்ளிரவில் போன் வந்தால் வீடு வந்து சேர எத்தனை மணி நேரம்?

2005-இல் அந்த போன் எனக்கு வந்தது. இரவு பதினொன்றரை. பக்கத்து வீட்டு அக்கா. அப்பா கழிவறையில் விழுந்துவிட்டார், ஒரு பக்கம் அசைவில்லை. நான் போட்டிருந்த சட்டையோடு புடுராயா பஸ் நிலையத்துக்கு ஓடினேன். பன்னிரண்டு மணி பஸ்ஸில் கடைசி இருக்கை கிடைத்தது. ஐந்து மணிக்குப் பட்டர்வொர்த். அப்பா கண் திறந்திருந்தார், வலது கையால் என் விரலைப் பிடித்தார். அதற்கு அடுத்த மாதம் வேலையை விட்டு ஊருக்கு வந்துவிட்டேன். அப்பா இன்னும் ஆறு வருடம் இருந்தார். அந்த ஆறு வருடம் தினமும் அவரைக் குளிப்பாட்டியது நான்.

அன்றைக்கு ஐந்து மணி நேரம் ஆனது, கே.எல்.லிலிருந்து. 2015 முதல் மின்ரயில் பட்டர்வொர்த் வரை வருகிறது, நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். தைப்பூசம், தீபாவளி நேரத்தில் மட்டும் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். ஜொகூர் பாருவிலிருந்து சாலையில் ஏறக்குறைய 700 கிலோமீட்டர். நிற்காமல் ஓட்டினால் எட்டு மணி நேரம். விமானம் இருக்கிறது, நள்ளிரவில் இல்லை. அப்பா விழுந்த இரவு தம்பி மறுநாள் மத்தியானம்தான் வந்து சேர்ந்தான். அதை அவன் இன்றுவரை பேசுவதில்லை.

எல்லோருக்கும் இந்த வரி ஒரே எடை இல்லை. அண்ணனோ தம்பியோ ஊரில் இருக்கிற பிள்ளை தைரியமாகத் தூரம் போகலாம். அக்காவுக்கு இவள் ஒரே மகள். அத்தான் இறந்து மூன்று வருடம் ஆகிறது.

பிள்ளை குட்டியோடு போகிறவர்கள் பள்ளியையும் பார்க்க வேண்டும். பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளி, கே.எல். நகரில் 15, ஜொகூரில் 70, சிலாங்கூரில் நூற்றை நெருங்கும். எண்ணிக்கை பெரிதாக இருந்தாலும் நீங்கள் குடியேறும் தாமானிலிருந்து பள்ளி எத்தனை கிலோமீட்டர், பள்ளி வேன் வருமா என்பதுதான் பேச்சு. இடைநிலைப் பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்பு நடத்த வழி உண்டு. புது ஊரில் அந்த 15 பேரைச் சேர்ப்பது பெற்றோரின் வேலை. கேட்காமல் யாரும் கொடுப்பதில்லை.

சரி, என் முடிவு. இவளைப் போல மின்னணுவியல் படித்து, வீடு பக்கத்திலிருக்கும் வடக்குப் பிள்ளைக்கு முதல் வேலை பத்து காவான், கூலிம், பாயான் லெப்பாஸ், இதில் ஒன்று. இரண்டு வருடம் இயந்திரத்தோடு பழகினால், அப்புறம் கே.எல். போகும்போது 3,100-க்குப் போக வேண்டியதில்லை, பேசிப் போகலாம். சட்டம், ஊடகம், கணக்குத் துறைக்காரர்கள் நேராக கே.எல். போங்கள், மூன்றரை மாத வாடகையைச் சேர்த்துக்கொண்டு. ஜொகூருக்குக் கல்யாணம் ஆகாதவர்கள் போகலாம், ஒரு தேதியோடு. படிப்புக் கடனை அடைக்க மூன்று வருடம், வீட்டு முன்பணத்துக்கு நான்கு வருடம் என்று எழுதி வைத்துக்கொண்டு போங்கள். தேதி இல்லாமல் போனவர்கள் திரும்பி வருவதை நான் பார்க்கவில்லை. சின்னக் குழந்தை இருக்கிற அப்பா தினமும் பாலம் கடக்கிற வேலைக்குப் போவதை, என் தம்பியையே கண்ணெதிரில் பார்த்த பிறகு, என்னால் நல்லது என்று சொல்ல முடியவில்லை.

எங்கே போனாலும் புது முகவரியை 30 நாளுக்குள் பதிவு இலாகாவில் மாற்றிவிடுங்கள். மலிவு வீட்டுக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால், எந்த மாநிலம் யாருக்கு முன்னுரிமை கொடுக்கிறது என்பதைப் பார்த்த பிறகு மாற்றுங்கள்.

வியாழக்கிழமை இரவு வாட்ஸ்அப்பில் அவள் செய்தி வந்தது. "மாமா, பத்து காவானுக்கு ஓகே சொல்லிட்டேன். ரெண்டு வருஷம். அதுக்கப்புறம் கே.எல்."

அந்த 'அதுக்கப்புறம்' பற்றி அக்காவிடம் இன்னும் சொல்லவில்லையாம்.